ஆறு ஆண்டு ஒப்பந்தம், பத்து மாத வேலை: கால்பந்து மேனேஜர்களின் பதவி ஏன் நிலைப்பதில்லை?

2025 மே 21ஆம் தேதி, ஸ்பெயினின் பில்பாவ் நகரில் இங்கிலாந்தின் டாட்டனம் அணி மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று, ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது. 17 ஆண்டுகளாக ஒரு கோப்பையையும் பார்க்காத கிளப் அது. சரியாக 16 நாள் கழித்து, ஜூன் 6ஆம் தேதி, அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்த மேனேஜர் ஆஞ்ச் போஸ்டகோக்லுவை டாட்டனம் நீக்கியது. செப்டம்பர் 9ஆம் தேதி அவர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்பில் சேர்ந்தார். அக்டோபர் 18ஆம் தேதி அங்கிருந்தும் நீக்கப்பட்டார். 39 நாள். இங்கிலாந்தின் முதல் நிலை லீகான பிரீமியர் லீகின் வரலாற்றில் ஒரு நிரந்தர மேனேஜர் இவ்வளவு குறைந்த காலம் பதவியில் இருந்ததில்லை.

வேலூர் நேதாஜி விளையாட்டரங்கில் மாலை பந்து ஆடிவிட்டு, சனிக்கிழமை இரவு எட்டரை மணி ஆட்டத்தைக் கைபேசியில் பார்க்கும் பையன்கள் இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கப்பு வாங்கிக் குடுத்த ஆளையே ஏண்ணா தூக்குறாங்க?" அதோடு இன்னொன்றும் சேர்ந்து வரும்: "அஞ்சு வருஷத்துக்கு கான்ட்ராக்ட் போட்டாங்களே, அது என்னாச்சு?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். பதில் சொல்ல வேண்டுமானால் மேனேஜர் என்பவர் யார், அவருடைய ஒப்பந்தம் எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மேனேஜரா, ஹெட் கோச்சா?

செய்திகளில் இந்த இரண்டு பெயர்களும் மாறி மாறி வரும். இரண்டும் ஒரே வேலை இல்லை.

ஆம்பூரில் இரண்டு பிரியாணிக் கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கடையில் எல்லாமே மாஸ்டர் கையில். விடியற்காலையில் கறி பார்த்து வாங்குவது அவர், எந்தச் சீரகச் சம்பா எடுப்பது என்று சொல்வது அவர், உதவிக்கு ஆள் சேர்ப்பதும் அனுப்புவதும் அவர். இரண்டாவது கடையில் முதலாளி நியமித்த ஒருவர் சரக்கு முழுவதையும் வாங்கிப் போட்டுவிடுவார். மாஸ்டர் வந்து, இருப்பதை வைத்து அண்டாவை இறக்கித் தர வேண்டும்.

இங்கிலாந்தின் பழைய முறை முதல் கடையைப் போன்றது. அங்கே 'மேனேஜர்' என்றால் பயிற்சி, ஆட்டத் திட்டம், வீரர்களை வாங்குவது, விற்பது, இளையோர் அணி எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. அந்த முறையின் மிகப் பெரிய பெயர் அலெக்ஸ் ஃபெர்குசன். 1986 நவம்பரில் அவர் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தபோது நம் வேலூர் இன்னும் பிரிக்கப்படாத வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். 1989இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. அதற்குப் பிறகும் 24 ஆண்டுகள், 2013 மே வரை, அவர் அதே நாற்காலியில் இருந்தார். 13 பிரீமியர் லீக் பட்டங்கள் வாங்கினார்.

ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி போன்ற நாடுகளில் வெகு காலமாக இரண்டாவது கடையின் முறைதான். வீரர்களைத் தேடி வாங்குவது ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்பவரின் வேலை. வந்தவர்களைப் பழக்கி ஆட வைப்பது பயிற்சியாளரின் வேலை. இப்போது இங்கிலாந்தின் பெரிய கிளப்புகளும் ஏறத்தாழ இந்த முறைக்கு வந்துவிட்டன. அதனால்தான் 'ஹெட் கோச்' என்ற பெயர் அங்கே பெருகியிருக்கிறது. ஆர்சனலில் மிக்கேல் ஆர்டெட்டா 2019 டிசம்பரில் ஹெட் கோச்சாகத்தான் சேர்ந்தார். 2020 செப்டம்பரில் அவரது பதவிப் பெயரை மேனேஜர் என்று மாற்றினார்கள். வெளியே இருப்பவர்களுக்கு அது வெறும் பெயர் மாற்றமாகத் தோன்றலாம். உள்ளே, யாரை வாங்குவது என்ற பேச்சில் அவருக்கு நாற்காலி போட்டாயிற்று என்பதே அதன் பொருள்.

இந்த அதிகாரப் பிரிவினை நீதி விசாரணை வரை போனதும் உண்டு. 2008இல் நியூகாசில் கிளப்பின் மேனேஜராக இருந்த கெவின் கீகன், தான் வேண்டாம் என்று சொன்ன ஒரு வீரரைக் கிளப் வேறொரு கிளப்பிலிருந்து தற்காலிகக் கடனாகக் கொண்டு வந்ததால் பதவி விலகினார். அந்த வீரர் ஆடும் காட்சிகளை யூடியூபில் பார்த்துக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. யாரை வாங்குவது என்பதில் கடைசி வார்த்தை மேனேஜருடையது. அதை மீறியதால் கிளப்தான் ஒப்பந்தத்தை முறித்திருக்கிறது என்று 2009இல் தீர்ப்பாயம் முடிவு செய்து, அவருக்கு 20 லட்சம் பவுண்டு தரச் சொன்னது. விலகியது அவர்தான். ஆனாலும் விலக வைத்தது கிளப் என்று ஏற்கப்பட்டது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: இரண்டாவது கடையில் பிரியாணி சரியில்லை என்றால் முதலில் மாறுவது யார்? சரக்கு வாங்கியவர் பெரும்பாலும் அங்கேயே இருப்பார். மாஸ்டர்தான் போவார். அதிகாரம் பாதியாகக் குறைந்தும் பொறுப்பு முழுசாக அவர் தலையிலேயே நிற்கிறது. இன்றைய பயிற்சியாளர்களின் நிலை இதுதான். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

'கான்ட்ராக்ட்' என்ற சொல்லால் வரும் குழப்பம்

ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலோ ஒருவர் 'கான்ட்ராக்ட்டில் இருக்கிறேன்' என்றால் வேலை நிலையில்லை என்று அர்த்தம். 'பர்மனென்ட்' ஆகிவிட்டால்தான் வீட்டில் நிம்மதி. அதனால் கால்பந்தில் 'ஐந்து ஆண்டு கான்ட்ராக்ட்' என்று படிக்கும்போது, ஐந்து ஆண்டுக்காவது வேலை உறுதி என்று எடுத்துக்கொள்கிறோம். அது அப்படி இல்லை.

கால்பந்து ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஆண்டுகள் அவரை வெளியே அனுப்ப ஆகும் விலையைத்தான் நிர்ணயிக்கின்றன. கிளப் எந்த நாளும் அனுப்பலாம். அனுப்பினால் என்ன கொடுக்க வேண்டும் என்பதற்கு மட்டும் கணக்கு இருக்கிறது.

நம் தொழில் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். ஒரு தோல் தொழிற்சாலையில் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், அவர் உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். 20 ஆண்டு உழைத்தவருக்கு 300 நாள் சம்பளம். அதாவது கணக்கு பின்னோக்கிப் போகிறது: எவ்வளவு உழைத்தாய்? கால்பந்து மேனேஜரின் கணக்கு முன்னோக்கிப் போகிறது: இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது? ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் ஓராண்டு மட்டும் வேலை பார்த்தவர், மீதி நான்கு ஆண்டுச் சம்பளத்தைக் கேட்கும் இடத்தில் இருக்கிறார். புதிதாக வந்தவரை அனுப்பத்தான் செலவு அதிகம்.

இது கிளப்புக்குப் பாரம் என்பதால் ஒப்பந்தம் எழுதும்போதே சில கட்டுப்பாடுகளைச் சேர்ப்பார்கள்.

1. உச்சவரம்பு. எத்தனை ஆண்டு மீதி இருந்தாலும் ஓராண்டுச் சம்பளம் மட்டும், அல்லது ஒரு குறிப்பிட்ட தொகை மட்டும் என்று எழுதிவிடுவது. கீகனுக்குக் கிடைத்த 20 லட்சம் பவுண்டும் ஒப்பந்தத்தில் இருந்த இப்படியொரு வரம்புதான்.

2. நிபந்தனை. ஐரோப்பாவின் முதல் நிலை கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் இடம் கிடைக்காவிட்டாலோ, அணி கீழ் லீகுக்கு இறங்கினாலோ இழப்பீடு குறையும் என்று எழுதுவது. டேவிட் மோய்ஸின் கதையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஃபெர்குசனுக்குப் பின் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் 2013இல் வந்தவர் அவர். 2014 ஏப்ரல் 20ஆம் தேதி எவர்ட்டனிடம் தோற்றபோது, அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீகுக்குப் போக முடியாது என்பது கணக்கில் உறுதியானது. 22ஆம் தேதி அவர் நீக்கப்பட்டார்.

3. கழிவு. நீக்கப்பட்டவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டால், புதிய சம்பளத்தைப் பழைய கிளப் தர வேண்டிய தொகையிலிருந்து கழிப்பது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பயிற்சியாளர்களுக்காக உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2021 ஜனவரியில் கொண்டு வந்த தனி விதிகளிலும் அடிப்படை இதுதான். நியாயமான காரணமின்றி நீக்கினால் ஒப்பந்தத்தின் மீதித் தொகை. அந்தக் காலத்துக்குள் வேறு வேலை கிடைத்தால் அதற்கேற்ப குறையும்.

அப்புறம், 'கார்டனிங் லீவ்' என்ற சொல்லும் அடிக்கடி வரும். சம்பளத்தைத் தொடர்ந்து கொடுத்து, வேலைக்கு வர வேண்டாம் என்று வீட்டில் உட்கார வைப்பது அது. அவர் உடனே ஒரு போட்டி கிளப்புக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகச் செய்வது.

கட்டுப்பாடுகள் சரியாக எழுதப்படாவிட்டால் என்ன ஆகும்? செல்சி 2018 ஜூலையில் அன்டோனியோ கோன்டேயை நீக்கியது. விவகாரம் தீர்ப்பாயம் வரை போனது, அவர் வென்றார். அவரையும் அவரது உதவியாளர்களையும் அனுப்பியதற்கு, வழக்குச் செலவும் சேர்த்து 2 கோடியே 66 லட்சம் பவுண்டு ஆனதாகக் கிளப்பின் கணக்கறிக்கை காட்டியது.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. இந்திய அணியின் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சின் ஒப்பந்தத்தை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023 அக்டோபரில் நீட்டித்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் அடுத்த கட்டத்துக்கு அணி போக முடியாமல்போனதும், 2024 ஜூனில் அவரை நீக்கியது. ஒப்பந்தத்தில் 2026 வரை காலம் மீதி இருந்தது. ஃபிஃபாவிடம் போவேன் என்றார் அவர். கடைசியில் 4 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்ய வேண்டியதாயிற்று. நம் ஊர் மாவட்டச் சங்கங்கள் ஒரு நல்ல புல்தரைக்கும் பந்துக்கும் அலையும் நாட்டில், ஒப்பந்தத்தை யோசித்து எழுதியிருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடிய பணம் அது. எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

தோற்றது அணி, போவது மட்டும் ஏன் ஒருவர்?

25 பேர் சேர்ந்து தோற்கிறார்கள். அவர்களை வாங்கியவர் ஒருவர், பணம் கொடுத்தவர் இன்னொருவர். போகிறவர் மேனேஜர். இதற்குப் பின்னால் கோபத்தைவிடக் கணக்கு அதிகம்.

1. வீரர்களை நினைத்தபோது மாற்ற முடியாது. வீரர்களை வாங்கி விற்கக் கோடையிலும் ஜனவரியிலும் மட்டும்தான் காலம் திறக்கிறது. நவம்பரில் அணி தள்ளாடினால் அப்போது மாற்றக்கூடிய பெரிய பொறுப்பு மேனேஜர் பதவி ஒன்றே.

2. வீரரை விற்பதில் கணக்கு நஷ்டம் வரும். இது பலருக்கும் தெரியாத இடம், கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஒரு வீரரை 6 கோடி பவுண்டுக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கிளப் தன் கணக்கில் அந்த 6 கோடியை ஒரே ஆண்டில் எழுதாது. ஆண்டுக்கு 1.2 கோடி என்று பிரித்து எழுதும். இரண்டு ஆண்டு முடிந்ததும் கணக்கில் அவரது மதிப்பு 3.6 கோடி. அந்த நேரத்தில் அவர் சரியாக ஆடவில்லை என்று 2.5 கோடிக்கு விற்றால், அந்த ஆண்டுக் கணக்கில் 1.1 கோடி நஷ்டம் ஏறும். ஐந்தாறு வீரர்களை இப்படி விற்றால் கிளப் தாங்காது. மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்று பிரீமியர் லீகில் பல ஆண்டுகளாக இருந்து வந்த விதியும் அதற்குத் தடை. ஒரு மேனேஜரை அனுப்பும் செலவு இதற்கு முன்னால் சின்னது. 2024 அக்டோபரில் எரிக் டென் ஹாகையும் அவரது குழுவையும் அனுப்ப மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆனது ஏறத்தாழ 1.04 கோடி பவுண்டு. நம் பணத்தில் நூறு கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கிளப் ஒரு வீரருக்குக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் அது மலிவு.

3. கீழே இறங்கும் பயம். பிரீமியர் லீகில் கடைசி மூன்று அணிகள் அடுத்த ஆண்டு கீழ் லீகுக்குப் போய்விடும். கடைசி இடத்தில் முடித்த அணிக்குக்கூட லீகின் வருமானத்திலிருந்து 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. கீழே இறங்கியபின் முதல் ஆண்டில் கிடைக்கும் உதவித் தொகை அதில் பாதிக்கும் குறைவு, பிறகு அது இன்னும் குறையும். வீரர்களின் சம்பளமோ சுலபத்தில் குறையாது. எனவே 17ஆம் இடத்துக்கும் 18ஆம் இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு பெரிய பள்ளம்.

4. முடிவு எடுப்பவர் தன்னைத் தானே நீக்கிக்கொள்ள மாட்டார். தவறான வீரரை வாங்கிய டைரக்டரும் பணம் போட்ட உரிமையாளரும் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு விரிவுரை தேவையில்லை.

மூன்றாவது காரணத்தின் வலியைச் சொல்ல லெஸ்டர் ஒன்றே போதும். 2016 மே மாதம், யாரும் எதிர்பார்க்காத லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றது. அவர்களை நடத்தியவர் கிளாடியோ ரனியேரி என்ற இத்தாலியர். உலகமே அந்த மனிதரை நேசித்தது. ஒன்பது மாதம் கழித்து, 2017 பிப்ரவரி 23ஆம் தேதி அவர் நீக்கப்பட்டார். அப்போது லெஸ்டர் கீழிறங்கும் பகுதிக்கு ஒரே ஒரு புள்ளி மேலே நின்றது. அந்த ஒரு புள்ளிக்கு முன்னால் பட்டம் வாங்கிய நன்றி நிற்கவில்லை.

கோப்பை வாங்கியும் ஏன் போகிறார்கள்?

போஸ்டகோக்லு முதல் ஆள் இல்லை. 2003 ஜூனில் ரியல் மாட்ரிட் லீக் பட்டம் வென்ற மறுநாளே விசென்டே டெல் போஸ்க்குடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்றது; அவர் அதற்கு முன் இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளையும் வாங்கித் தந்திருந்தார். ராபர்ட்டோ டி மட்டேயோ 2012 மே மாதம் செல்சிக்கு முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தந்தார், நவம்பரில் நீக்கப்பட்டார். லூயி வான் கால் 2016இல் இங்கிலாந்தின் நாக் அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்ற இரண்டாம் நாள் மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

இதைப் புரிந்துகொள்ள லீகையும் கோப்பைப் போட்டியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரீமியர் லீகில் 38 ஆட்டங்கள். ஒவ்வோர் அணியோடும் இரு முறை. அதிர்ஷ்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து, கடைசியில் ஓரளவு சமமாகிவிடும். கோப்பைப் போட்டி அப்படி இல்லை. ஒரு நல்ல மாலையும் ஒரு தடுமாறிய கோலும் போதும். அதனால் கிளப் நிர்வாகம் அணியின் உண்மையான பலத்தை அளக்க லீக் பட்டியலைத்தான் பார்க்கிறது. அந்தப் பட்டியலில் டாட்டனம் 22 ஆட்டங்களில் தோற்று 17ஆம் இடத்தில் இருந்தது.

என் கருத்தில் டாட்டனத்தின் கணக்கு தவறில்லை. அதே சமயம் கோப்பையைத் தூக்கிய இரவில் அழுத ரசிகர்களுக்கு அந்தக் கணக்கு ஆறுதலாக இருந்திருக்காது. இரண்டும் உண்மை.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கும். 2024 மே மாதம் எஃப்.ஏ. கோப்பையை வென்றதும் மான்செஸ்டர் யுனைடெட் டென் ஹாகின் ஒப்பந்தத்தை ஜூலையில் நீட்டித்தது. லீகில் அந்த ஆண்டு அணி எட்டாம் இடம். ஒரு நாள் ஆட்டத்தை நம்பி நீட்டித்த ஒப்பந்தம், நான்கே மாதத்துக்குள் இழப்பீட்டுத் தொகையாக மாறியது.

புது ஆள் வந்ததும் அணி ஜெயிக்கிறதே?

ரனியேரி போனதும் உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றார். முதல் 5 லீக் ஆட்டங்களிலும் லெஸ்டர் வென்றது. பார்த்தவர்கள் எல்லாம் மாற்றியது சரிதான் என்றார்கள். ஜூனில் அவருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். அக்டோபரில் அவரும் நீக்கப்பட்டார்.

இதற்குள் ஒரு எளிய புள்ளியியல் உண்மை இருக்கிறது. மேனேஜரை யாரும் நன்றாக ஓடும்போது மாற்றுவதில்லை. தொடர்ந்து நான்கைந்து தோல்வி வந்த பிறகுதான் மாற்றுகிறார்கள். அந்தத் தோல்விகளில் கொஞ்சம் திறமைக் குறைவு, கொஞ்சம் காயம், கொஞ்சம் கெட்ட நேரம் கலந்திருக்கும். கெட்ட நேரம் நீடிக்காது. யாரையும் மாற்றாமல் விட்டிருந்தாலும் அணி தன் வழக்கமான நிலைக்குக் கொஞ்சம் மேலேறித்தான் வந்திருக்கும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளில் மாத்திரை போட்டு, மறுநாள் இறங்கியதும் மாத்திரைக்கே முழுப் பெருமையையும் கொடுப்பது போன்றது.

நெதர்லாந்தின் முதல் நிலை லீகில் 1986 முதல் 2004 வரை நடந்தவற்றை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரே மாதிரிச் சரிவில் மாட்டிய அணிகளில் பயிற்சியாளரை மாற்றியவையும் உண்டு, மாற்றாதவையும் உண்டு. இரண்டு வகையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மீண்டன.

இதனால் பயிற்சியாளரை மாற்றினால் ஒரு போதும் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் மறுப்பார்கள், அவர்களிடம் நல்ல காரணம் இருக்கிறது. 2017-18 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வாங்கித் தந்த ஜான் கிரிகரி, அடுத்த பருவத்தில் அணியைக் கடைசி இடத்தில் முடித்தார். 2019-20இல் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றியோடு விலகினார். டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். அதே வீரர்கள்தான். ஆனால் முன்னேறித் தாக்கும் ஆட்டமாக மாற்றினார். அணி இறுதிப்போட்டி வரை போய், 2020 மார்ச்சில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது. ஐந்து ஆட்டத்தில் வந்த மாற்றமாக இருந்தால் கெட்ட நேரம் தீர்ந்தது என்று விட்டுவிடலாம். ஒரு பருவத்தின் பெரும்பகுதி முழுக்க நீடித்தது என்பதால் அதில் பயிற்சியாளரின் கை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

புதியவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

மூன்று வழி.

1. இடைக்காலம். பருவத்தின் நடுவில் உள்ளே இருக்கும் ஒரு உதவியாளரையோ ஓய்வில் இருக்கும் ஒருவரையோ கொண்டு ஓட்டுவது.

2. சும்மா இருப்பவரை அழைப்பது. யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் அவர் ஏன் சும்மா இருக்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

3. வேறொரு கிளப்பில் வேலையில் இருப்பவரை விலை கொடுத்து எடுப்பது. வீரருக்குப் போலவே பயிற்சியாளரின் ஒப்பந்தத்திலும் 'ரிலீஸ் கிளாஸ்' என்ற ஒன்று இருக்கலாம். அந்தத் தொகையைக் கட்டினால் பழைய கிளப் விட்டுத்தர வேண்டும். டென் ஹாகுக்குப் பின் வந்த ரூபென் அமோரிமுக்காக மான்செஸ்டர் யுனைடெட் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு 1.1 கோடி யூரோ கட்டியது. அதில் 1 கோடி விடுவிப்புத் தொகை, மீதி 10 லட்சம் அறிவிப்புக் காலம் முடியும் முன்பே வருவதற்காக. கிரஹாம் பாட்டருக்காகவும் அவரது குழுவுக்காகவும் செல்சி 2022இல் பிரைட்டனுக்குக் கொடுத்தது 2 கோடி பவுண்டுக்கு மேல். ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த பாட்டர் ஏழு மாதம்கூட முழுசாக இருக்கவில்லை.

மூன்றாவது வழியில் செலவு இரட்டிப்பு என்பதைப் பாருங்கள். போகிறவருக்கு இழப்பீடு, வருகிறவரின் பழைய கிளப்புக்கு விலை. அதற்கும் மேல் மறைமுகமாக ஒரு செலவு உண்டு. அமோரிம் ஸ்போர்ட்டிங்கில் மூன்று மையத் தடுப்பாளர்களை வைத்து ஆடும் முறையில் வென்றவர். யுனைடெட்டின் வீரர்களோ நான்கு தடுப்பாளர் முறைக்காக வாங்கப்பட்டவர்கள். நடுப் பருவத்தில் வந்து முறையை மாற்றினார். 2024-25இல் அந்த அணி 15ஆம் இடத்தில் முடிந்தது. வந்தவர் திறமை இல்லாதவர் என்று இதற்குப் பொருள் இல்லை. முன்னமே வாங்கி வைத்த அரிசிக்கும் அழைத்து வந்த மாஸ்டருக்கும் பொருந்தவில்லை.

லிவர்பூல் இதை நேர்மாறாகச் செய்தது. யூர்கன் க்ளாப் 2024 ஜனவரியிலேயே, பருவம் முடிந்ததும் போகிறேன் என்று சொல்லிவிட்டார். கிளப்புக்குத் தேட நான்கு மாதம் கிடைத்தது. க்ளாப் விட்டுச் சென்ற வீரர்களை அப்படியே வைத்து, அதே வேகத்தில் ஆட வைக்கக்கூடியவர் யார் என்று பார்த்து நெதர்லாந்தின் ஃபெயனூர்டிலிருந்து ஆர்னே ஸ்லாட்டை எடுத்தார்கள். முதல் ஆண்டே லீக் பட்டம். பணத்தைவிட அந்த நான்கு மாத அவகாசம்தான் அங்கே பெரிய சொத்து.

பதவி நிலைப்பவர்கள்

ஃபெர்குசனின் முதல் கோப்பை 1990இல்தான் வந்தது, சேர்ந்து மூன்றரை ஆண்டு கழித்து. அந்தப் பருவம் லீகில் அணி 13ஆம் இடம். முதல் லீக் பட்டம் 1993இல். இன்றைக்கு எந்தப் பெரிய கிளப் அவ்வளவு காத்திருக்கும் என்று கேட்கலாம். ஆர்டெட்டாவின் ஆர்சனல் தொடர்ந்து இரண்டு ஆண்டு எட்டாம் இடத்தில் முடித்தும் அவரை வைத்துக்கொண்டது. பிறகு ஐந்தாம் இடம், அப்புறம் மூன்று ஆண்டு தொடர்ந்து இரண்டாம் இடம். டியேகோ சிமியோனே 2011 டிசம்பரில் அத்லெட்டிகோ மாட்ரிட்டில் பொறுப்பேற்றவர். பத்தாண்டைக் கடந்தும் அங்கேயே இருந்தவர்.

இவர்களின் கிளப்புகளில் பொதுவாக ஒன்றைப் பார்க்கலாம். மேனேஜருக்கும், வீரர்களை வாங்குபவருக்கும், பணம் போடுபவருக்கும் எந்த மாதிரி அணி வேண்டும் என்பதில் ஒரே எண்ணம் இருந்தது. மோசமான ஆறு வாரம் வந்தபோது அந்த எண்ணம் உடையவில்லை. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு எழுதியிருந்தது என்பது அங்கே முக்கியமாக இல்லை.

அடுத்த நீக்கச் செய்தியைப் படிக்கும்போது

அறிவிப்புகளில் 'பரஸ்பர ஒப்புதலுடன் பிரிகிறோம்' என்று வரும். பெரும்பாலும் இழப்பீட்டுத் தொகையில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்துவிட்டார்கள் என்பதே அதன் பொருள். 'மேனேஜருக்கு முழு ஆதரவு' என்று தலைவர் பேட்டி கொடுத்தால், அந்த ஆதரவைப் பற்றிக் கேள்வி எழுந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று: மேனேஜர் போகும்போது கூடவே உதவிப் பயிற்சியாளர், கோல்கீப்பர் பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர் என்று ஐந்தாறு பேர் போகிறார்கள். அவர்கள் பெயர் தலைப்பில் வராது. டென் ஹாக் நீக்கப்பட்டபோது அவரது உதவியாளராக இருந்த ரூட் வான் நிஸ்டெல்ராய் நான்கு ஆட்டங்களுக்கு இடைக்கால மேனேஜராக இருந்தார். மூன்று வெற்றி, ஒரு சமநிலை. ஒன்றிலும் தோற்கவில்லை. இருந்தும் அமோரிம் தன் குழுவோடு வந்ததும் அவருக்கு அங்கே இடம் இல்லாமல் போனது. அந்த நவம்பரிலேயே லெஸ்டர் அவரை மேனேஜராக எடுத்தது. லெஸ்டர் கீழ் லீகுக்கு இறங்கியது. 2025 ஜூன் 27ஆம் தேதி வந்த அறிவிப்பில், பரஸ்பர ஒப்புதலுடன் அவர் பிரிவதாக எழுதியிருந்தது.